நெய்பவரின் கண்ணும் காலும்

பட்டு நெசவுக்கு மூலதனம் எது எனக் கேட்டால், பாவு, ஊடை, ஜரிகை என்று விலையோடு சேர்த்துக் கணக்குச் சொல்லுவார்கள். அவை பெரும்பாலும் முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ கொடுக்கும் பொருள்கள். நெய்பவருக்கே உரிய மூலதனம் இரண்டுதான். மெல்லிய பட்டிழை அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முடிச்சிடும் கண் ஒன்று. தறிக்குழிக்குள் இறங்கி நாளெல்லாம் மிதியை மிதிக்கும் கால் மற்றொன்று. சர்க்கரை நோய் ஓர் உடலில் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுத் தங்குமானால், அது சிதைக்கும் உறுப்புகளில் இவ்விரண்டும் முன்வரிசையில் நிற்கின்றன. விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பழுதாகின்றன. பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் தைத்ததும் தெரியாமல் புண் புரையோடுகிறது. ஆகவே வாலாஜாபாத்திலும், அய்யம்பேட்டையிலும், முத்தியால்பேட்டையிலும், காஞ்சிபுரத்துத் தெருக்களிலும் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு அன்று. அது சோற்றைப் பற்றிய பேச்சு.

நோயின் அளவையும் நாம் அறிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அதன் மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாசற்படியில் நிற்கின்றனர். வயதுவந்தோரில் நூற்றுக்கு முப்பத்தைந்து பேருக்கு மேல் இரத்த அழுத்தம் உடையவர்கள். நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில் சர்க்கரை நோயாளர் நூற்றுக்கு இருபத்தாறு பேர். இது பெருநகரத்துச் செல்வரின் நோய் என்று இனியும் சொல்லிக்கொண்டிருப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இதற்கு நாம் செய்வது என்ன? உணவைக் குறையுங்கள், நடந்து பழகுங்கள் என்று அறிவுரை சொல்லுகிறோம். மருத்துவர் சொல்லுகிறார், பிள்ளைகள் சொல்லுகிறார்கள், பலிபீடத்தருகே நின்று நாங்களும் சொல்லுகிறோம். சொல்லியும் மாறாதவரைச் சோம்பேறி என்றும் நாவடக்கம் அற்றவர் என்றும் பழிக்கிறோம். இந்த வழக்கத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன். நல்ல பழக்கம் தனிமனிதரின் மனவுறுதியிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. அதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும், துணை வேண்டும். இவற்றுள் ஒன்றையும் தராமல் அறிவுரையை மட்டும் தருவது, பசித்தவரைப் பந்தியில் அமர்த்தாமல் வாழ்த்துக் கூறி அனுப்புவதற்கு ஒப்பாகும்.

நாள் முழுதும் உழைக்கிறோமே!

தறியில் உட்காருபவரிடம் நடையைப் பற்றிப் பேசினால், "விடிந்தது முதல் உழைக்கிறோம், இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?" என்பார். அவர் உழைப்பை மறுப்பவர் யார்? எனினும் உழைப்பு வேறு, உடல் வேண்டும் அசைவு வேறு. குழித்தறியில் கால் மிதிக்கிறது, கை நாடாவை ஓட்டுகிறது. ஆனால் இடுப்பும் முதுகும் வளைந்தபடியே இருக்கின்றன. இதயமும் நுரையீரலும் தம் முழு ஆற்றலையும் காட்டும் வாய்ப்பு அங்கு மிகக் குறைவு. சிறு தசைகள் களைக்கின்றன. பெருந்தசைகளோ நாளெல்லாம் சும்மா கிடக்கின்றன. உடல் ஓய்ந்துபோகும், ஆனால் வலுப்பெறாது.

முன்னாளில் இத்தொழிலுக்குள்ளேயே நடை இருந்தது. அதிகாலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்து, இழைகள் ஒட்டாதபடி பார்த்து, அறுந்தவற்றை முடிந்து, குடும்பமும் அக்கம்பக்கமும் சேர்ந்து முன்னும் பின்னுமாக நடப்பார்கள். அந்தக் காட்சி இன்று அருகிவிட்டது. தறியை விட்ட இளைஞர்கள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். வாசலருகே பேருந்து வந்து ஏற்றிக்கொள்கிறது, வாசலருகே இறக்கிவிடுகிறது. இரவு முறைப்பணி முடிந்து பசியோடு வருபவருக்குத் திறந்திருக்கும் கடையில் கிடைப்பது பரோட்டா. தந்தையின் தலைமுறை குழியில் உட்கார்ந்தது. மகனின் தலைமுறை பேருந்தில் உட்காருகிறது.

இங்கே நீதியின் கேள்வி ஒன்றும் உண்டு. சேலைக் கணக்கில் கூலி பெறுபவருக்கு, தறியை விட்டு எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலிக்குறைவு. மாதச் சம்பளக்காரர் அவரைப் பார்த்து, "காலையில் ஒரு மணி நேரம் நடக்கக்கூடாதா?" என்று கேட்பது எளிது. உடல்நலத்துக்கான நேரம் யாருடைய சட்டைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்காத அறிவுரை அரைகுறை அறிவுரையே. நெய்பவரின் கண்ணையும் காலையும் கொண்டு பொருளீட்டும் வணிகரும் சங்கங்களும், ஆண்டுக்கொரு முறையாவது அவர்களின் விழித்திரையையும் பாதத்தையும் சோதிக்க ஏற்பாடு செய்வதைத் தருமம் என்று கருத வேண்டாம். கடன் என்று கருதட்டும். அது இயலாத காரியமும் அன்று. அந்நாளில் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2019இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போன சூனாம்பேட்டைச் சுற்றிய 42 கிராமங்களில், கருவிகள் பொருத்திய வண்டி ஒன்று வீதி வீதியாகச் சென்றது. வயதுவந்தோரில் நூற்றுக்கு எண்பத்தாறு பேருக்கு மேல் சர்க்கரைச் சோதனை செய்தார்கள். நோய் கண்டவர்களின் விழித்திரையைப் படமெடுத்து, அதைச் சென்னையிலிருந்த மருத்துவர்களுக்கு அனுப்பினார்கள். அந்தச் சிற்றூர்களில் முடிந்தது, பட்டுக்குப் பெயர்பெற்ற நம் பகுதியில் முடியாதா?

ஆன்மாவுக்கு உடல் பகையா?

நம்மவரிடையே மற்றொரு மறுமொழியும் உலவுகிறது. "அழியும் உடம்புக்கு இவ்வளவு கவனிப்பு எதற்கு? ஆன்மாவைப் பார்ப்போம், மற்றது கடவுள் விட்ட வழி." பக்திபோல ஒலிக்கும் இச்சொல்லில் நம் விசுவாசம் இல்லை. கடவுள் உடலெடுத்தார் என்றும், உடலின் உயிர்ப்பை நம்புகிறோம் என்றும் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், உடலைக் கழற்றி எறிய வேண்டிய அழுக்குத் துணியாக எண்ணுவது எப்படி? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய தன் ஏட்டின் 14ஆம் எண்ணில், உடலை இழிவாகக் கருத மனிதருக்கு உரிமையில்லை என்னும் பொருள்படவே போதிக்கிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. உடல்நலம் இறைவனின் கொடை, அதை அறிவோடு பேண வேண்டும் என்று சொல்வதோடு நில்லாமல், அதற்குரிய வாழ்க்கைச் சூழலை அமைத்துத் தருவதில் சமூகத்துக்குப் பங்குண்டு என்கிறது. உடலையே தெய்வமாக்கும் போக்கையும் அது கண்டிக்கிறது. விலையுயர்ந்த மாவும் பொடியும் விற்று, மெலிந்த இடுப்பே மேன்மை என்று விளம்பரம் செய்யும் வணிகத்துக்கும் இதில் பதில் இருக்கிறது.

இறைவாக்கினர் எலியாவின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். சோர்ந்து, சாவை வேண்டி, சூரைச் செடியின் அடியில் படுத்துவிட்டார். அவருக்கு வானதூதர் முதலில் போதனை செய்யவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. சுட்ட அப்பமும் நீரும் வைத்து எழுப்பினார். உண்டபின் மீண்டும் உறங்க விட்டார். மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பிறகே நாற்பது நாள் நடை. அதன் பிறகே ஓரேபு மலையில் இறைவனின் மெல்லிய குரல். அளவான உணவு, உறக்கம், நடை ஆகிய மூன்றும் அங்கே அருளின் வழிகளாயின. மனம் சோர்ந்து வருபவருக்குச் செபத்தை மட்டும் பரிந்துரைத்து அனுப்பும் நாம் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒழுங்காக நடப்பவருக்கு நல்ல உறக்கம் வருகிறது, மனச்சோர்வு தணிகிறது என்று இன்றைய மருத்துவமும் சொல்லுகிறது. எடை குறையுமுன்பே வரும் நலன் இது. காலையில் எழும்போது உடல் கனமாகத் தோன்றாதிருப்பதும், பிள்ளைகளிடம் எரிந்துவிழாதிருப்பதும் சிறிய நன்மைகளா?

மாத்திரை இருக்கிறதே!

மூன்றாவது மறுமொழி, "வயதானால் சர்க்கரை வரத்தான் செய்யும், மாத்திரை இருக்கிறது" என்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. பெரிய நன்மைதான். ஆனால் மாத்திரை வீடு தேடி வரலாம்; நடை வீடு தேடி வராது.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்தி, 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாம் குழு உணவைத் திருத்தி, நாளுக்கு அரை மணி நேரமாவது நடந்தது. மூன்றாம் குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் குழுவுக்கு இரண்டும். மூன்றாண்டு முடிவில், பொது அறிவுரை பெற்றவர்களுள் நூற்றுக்கு 55 பேர் நோயாளராயினர். உணவைத் திருத்தி நடந்தவர்களுள் அது 39 பேர். மாத்திரை உண்டவர்களுள் ஏறத்தாழ 40 பேர். இரண்டையும் சேர்த்தவர்களுக்குத் தனிப்பயன் கிட்டவில்லை. அதாவது, நம்மைப் போன்ற தமிழ் மக்களிடத்தில், காசில்லாத நடை காசு கொடுத்து வாங்கும் மாத்திரைக்குச் சமமாக நின்றது. நோய் ஏற்கெனவே வந்துவிட்டவர் இதைக் கேட்டு மருத்துவரைக் கலக்காமல் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அவருக்கு இரண்டும் வேண்டும்.

இந்த ஆய்வில் நாம் மறக்கக் கூடாத செய்தி இன்னொன்று. இரண்டாம் குழுவினரிடம் ஒருமுறை சொல்லிவிட்டுக் கைகழுவவில்லை. மாதந்தோறும் தொலைபேசியில் விசாரித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் சந்தித்தார்கள். வெறும் அறிவுரை பெற்ற குழுவில் பாதிக்கு மேல் நோயில் விழுந்தார்கள். உடன்வருவோர் இருந்த குழுவில் பலர் தப்பினார்கள். அறிவுரைக்கும் துணைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இடத்தின் தேவைக்கும் சென்னையிலேயே சான்று உண்டு. ஏஷியாட் காலனியில் நீரிழிவு பற்றிய விழிப்புணர்வு பரவியபோது, குடியிருப்போர் தாமே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தார்கள். முன்பு வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தோர் அங்கே நூற்றுக்கு 14 பேர். பின்னர் அது 58 பேராக உயர்ந்தது என்று 2006இல் வெளியான அறிக்கை கூறுகிறது. அந்த மக்களின் குணம் ஒரே நாளில் மாறிவிட்டதா? மனவுறுதி திடீரென்று நான்கு மடங்காயிற்றா? இல்லை, நடக்க ஓர் இடம் வந்தது, உடன் நடக்க ஆள் வந்தது.

பெண்களைப் பொறுத்தவரை இது இன்னும் கூர்மையான உண்மை. விடியற்காலையில் ஆண் பாலாற்றங்கரையில் நடந்தால் அவர் ஒழுக்கமானவர். பெண் தனியே நடந்தால் ஊர் ஆயிரம் கேள்வி கேட்கும். வீட்டிலே எல்லாருக்கும் பரிமாறியபின் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றி உண்பவரும் அவரே. 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதை வகுக்கும் அரசுத் திட்டம் தொடங்கியது. ஆனால் தறி நெய்யும் வீட்டுப் பெண்மணி அந்தப் பாதையைத் தேடிப் பேருந்தேறிச் செல்ல முடியுமா? அவருக்கு நூறடி தொலைவில் பாதுகாப்பான இடம் வேண்டும். அத்தகைய இடம் ஒன்று பல ஊர்களில் காலையிலும் மாலையிலும் பூட்டிக் கிடக்கிறது. அதன் பெயர் ஆலய வளாகம்.

நம் பந்தியைப் பார்ப்போம்

மற்றவரைக் கேட்பதற்கு முன் நம் பந்தியை நாம் பார்க்க வேண்டும். திருவிழா என்றால் பிரியாணி. கூட்டம் என்றால் சர்க்கரை தூக்கலான டீயும் வடையும். மறைக்கல்வியில் சரியாகப் பதில் சொன்ன குழந்தைக்கு மிட்டாய். குருவானவரைப் பார்க்க வருபவர் கையில் இனிப்புப் பெட்டி. விருந்தோம்பலை நான் குறைகூறவில்லை. ஆண்டுக்கொரு திருவிழா விருந்து யாரையும் நோயாளராக்காது. ஆனால் திருமுழுக்கு, புதுநன்மை, திருமணம், புதுமனை, கெபித் திருவிழா, அன்பியக் கூட்டம் என்று விருந்தே வாடிக்கையாகிவிட்ட பிறகு, அதை விருந்து என்று எப்படிச் சொல்வது?

தவக்காலத்தின் நிலை என்ன? ஒருசந்தியும் சுத்தபோசனமும் நம் முன்னோர் காத்த அரிய ஒழுக்கங்கள். இன்று பலருக்குச் சுத்தபோசனம் என்பது கறியை விலக்கி, அதற்கு ஈடாக எண்ணெயில் பொரித்தவற்றையும் பாயசத்தையும் இரட்டிப்பாக்குவது. நாற்பது நாள் இறைச்சியைத் தொடாதவர், நாளொன்றுக்கு ஐந்து குவளை இனிப்பு டீயை விடாதிருக்கிறார். சர்க்கரையை ஒறுத்தல் முயற்சியாக ஏற்றால், அந்தப் பணம் ஏழைக்குச் சேரும். தம் உடலுக்கும் நன்மை சேரும். ஆயினும் நோயாளர் உண்ணாதிருத்தல் பக்தியன்று. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் ஒருசந்தி இருக்க வேண்டாம். அவருக்குத் திருச்சபை அதைக் கட்டளையிடவுமில்லை.

சோறும் சிந்தனைக்குரியது. சென்னையில் நடந்த ஓர் ஆய்வில், மக்கள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி, தீட்டிய அரிசி முதலிய தானியங்களிலிருந்தே வருவதாக 2009இல் கண்டறிந்தார்கள். சோற்றை விலக்கச் சொல்லவில்லை; தட்டில் அதன் இடத்தைக் குறைக்கச் சொல்லுகிறேன். தட்டில் பாதி காயும் கீரையும் பழமும், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ, மீதியே சோறு என்று மாற்றினால் போதும். கேழ்வரகும் வரகும் சாமையும் நம் மண்ணுக்கு அந்நியமல்ல. ஏழையின் உணவு என்று நாமே வெட்கப்பட்டு ஒதுக்கியவை. திருவள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட 95ஆம் அதிகாரத்தில் ஒரு மருந்தின் பெயரையும் சொல்லாமல், பெரும்பகுதியும் உணவின் அளவைப் பற்றியே பேசியிருப்பதும் நாம் அறியாததன்று.

நடையில் நம் முரண்பாடு வியப்பானது. ஆகஸ்டு மாதக் கடைசியில் காவியுடுத்தி, வெயிலும் மழையும் பாராமல், நாட்கணக்காக வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் நம் மக்கள். அதே மக்கள் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறன்று அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆலயத்துக்கு இருசக்கர வண்டியில் வருகிறார்கள். கால் இல்லையா, மனவுறுதி இல்லையா? இரண்டும் உண்டு என்று வேளாங்கண்ணிப் பாதை சாட்சி சொல்லுகிறது. அங்கே கூட்டம் உடன்வருகிறது. வழியெங்கும் தண்ணீர் தருவார் இருக்கிறார்கள். நடப்பவரை ஊர் மதிக்கிறது. துணையும் மதிப்பும் இருந்தால் நம் மக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடப்பார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்த அளவு, நம் யாத்திரையின் ஒரு நாள் நடையைவிடக் குறைவு.

ஆகவே பங்குப்பேரவைகளையும் அன்பியங்களையும் ஐந்து காரியங்கள் கேட்கிறேன். ஆலய வளாகத்தைக் காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் திறந்து, விளக்கேற்றி, பெண்களும் முதியோரும் அச்சமின்றி நடக்க விடுங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் நலமுள்ளோர் ஞாயிறு திருப்பலிக்கு அன்பியமாகச் சேர்ந்து நடந்து வாருங்கள். பங்கின் கூட்டங்களில் சர்க்கரையில்லா டீயும் மோரும் சுண்டலும் முதல் வரிசையில் இருக்கட்டும். இனிப்பைக் கேட்பவர் கேட்டுப் பெறட்டும். ஆண்டுக்கொரு ஞாயிறு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, முப்பது வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கச் செய்யுங்கள். தறி வீடுகளில் மணிக்கொருமுறை எழுந்து ஐந்து நிமிடம் தெருவில் நடக்கும் வழக்கத்தை, ஒரு வீடு தனித்துச் செய்தால் கூச்சமாயிருக்கும். தெருவே சேர்ந்து செய்யுங்கள். இதில் எதற்கும் பெருஞ்செலவில்லை.

இவற்றைச் செய்தபின்னும் ஒருவர் நடக்கவில்லையென்றால் அப்போது அவரைக் கடிந்துகொள்ளலாம். அதுவரை நமக்கு அந்த உரிமை இல்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் கொடிமரத்துக்கு வண்ணம் பூசுவது பற்றியும் ஒலிபெருக்கி வாங்குவது பற்றியும் பேசுவீர்கள், பேசுங்கள். அதற்கு முன் வளாகக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது, அதை விடியற்காலையில் திறக்கப் பொறுப்பேற்பவர் யார் என்பதை முடிவு செய்துவிடுங்கள்.